வண்டியின் மஞ்சள் விளக்கும் நம் கல்லாப் பெட்டியும்

நம் சங்க உறுப்பினர்களில் சொந்தமாகச் சரக்கு வண்டி இல்லாதவர்கள் இன்று குறைவு. ஒரு காலத்தில் மண்டியிலிருந்து கடைக்குச் சரக்கு வந்து சேர பார்சல் லாரியையும் மாட்டு வண்டியையும் நம்பியிருந்தோம். 2005ஆம் ஆண்டு டாடா ஏஸ் வந்தது. குட்டி யானை என்று நாம் பெயர் வைத்துக்கொண்ட அந்த வண்டியைச் சிறு மளிகைக் கடைக்காரர்கள் கூடத் தவணைக்கு எடுத்து வாசலில் நிறுத்தினார்கள். அந்த முதல் குட்டி யானையின் 702 சி.சி. டீசல் என்ஜினை நடத்தக் கம்ப்யூட்டர் கிடையாது. டீசல் போய்ச் சேர்ந்தால் ஓடும், சேராவிட்டால் நிற்கும். தெருமுனை மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டே குறையைச் சொல்லிவிடுவார்.

அதற்குப் பின் நம் கைக்கு வந்த காமன் ரெயில் டீசல் பிக்கப்புகளும், எம்.பி.எப்.ஐ. பெட்ரோல் வேன்களும் அப்படியல்ல. அவற்றில் என்ஜினைக் கவனிக்க ஈ.சி.யு. என்னும் கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. அதற்குச் சேதி சொல்லப் பத்துப் பதினைந்து சென்சார்கள் இருக்கின்றன. அந்த வண்டிகளுக்கெல்லாம் இப்போது பத்து, பன்னிரண்டு வயதாகிவிட்டது. டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. மெக்கானிக் ஒரு கருவியைச் சொருகிப் பார்த்து, "சென்சார் போயிருச்சு" என்கிறார். நாமும் கல்லாவைத் திறந்து பணத்தை எடுத்துக் கொடுக்கிறோம். மாற்றிய பிறகும் விளக்கு அணையாத அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. இது ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

முதலில் நம் சொந்த அனுபவம். இதைச் சொல்ல நமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நம் கடை வண்டி 2013 மாடல் டீசல் பிக்கப். 2022 தீபாவளிக்கு முந்திய வாரம், விருதுநகரில் 20 மூட்டை உளுந்தும் பத்துப் பெட்டி எண்ணெயும் ஏற்றிக்கொண்டு வந்த வண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் இழுக்க மறுத்துவிட்டது. நம் டிரைவர் போனில் கூப்பிட்டார். "அண்ணாச்சி, மஞ்ச லைட்டு எரியுது. ஆக்சிலேட்டர மிதிச்சாலும் இருபதுக்கு மேல போக மாட்டேங்குது. ஆப் பண்ணி ஆன் பண்ணா கொஞ்ச தூரம் ஓடுது, திரும்பவும் படுத்துக்குது." எப்படியோ மாலைக்குள் சரக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் கருவியைச் சொருகினார்கள். பி 0192 என்ற எண் வந்தது. டீசல் ரெயிலின் அழுத்தத்தைக் காட்டும் சென்சாருக்கு உரிய எண் அது. சென்சாரை மாற்றினார்கள், 6,800 ரூபாய். காலி வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள், ஜம்மென்று ஓடியது. அடுத்த லோடிலேயே பழைய கதை. மறுபடி சொருகிப் பார்த்தபோது பி 2122 என்ற எண்ணும் சேர்ந்து வந்தது. அது ஆக்சிலேட்டர் பெடல் சென்சாரின் எண். அதையும் மாற்றினோம், 5,400 ரூபாய். அப்போதும் தீரவில்லை. கடைசியில், "ஈ.சி.யு.வே அவுட்டு. 45 ஆயிரம் ஆகும். பழசு கெடச்சா பாதி விலை" என்றார்கள். இதற்குள் பதினோரு நாள் வாடகை வண்டி வைத்தாகிவிட்டது. தீபாவளி வியாபாரமும் போய்விட்டது.

பணம் போனது ஒரு பக்கம். நமக்கு டிரைவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது என்பதுதான் இதில் மோசமான பகுதி. டீசலில் எதையாவது கலக்கிறாரோ, வழியில் டீசலை எடுத்து விற்கிறாரோ என்றெல்லாம் மனம் போயிற்று. ஒரு நாள் வாய் தவறி அதைக் கேட்டும் விட்டோம். பதினான்கு வருடம் நம்மிடம் இருந்த மனிதர். பதில் பேசாமல் சாவியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஈ.சி.யு.வுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முந்திய நாள், பக்கத்துக் கடைக்காரர் சொன்னதன் பேரில் வயதான ஆட்டோ எலெக்ட்ரீசியன் ஒருவரிடம் வண்டியைக் காட்டினோம். அவர் கருவியைத் தொடவே இல்லை. "ஓட்டுறவர் எங்கே?" என்று கேட்டார். டிரைவரை வீட்டில் போய் அழைத்து வந்தோம். அவர், முதல் நாளிலிருந்து நம்மிடம் சொல்லிக்கொண்டிருந்ததையே மறுபடி சொன்னார்: "காலியா ஓட்டுனா ஒண்ணும் இல்ல. மூட்டை ஏத்தி, மேட்டுல அழுத்திப் பிடிச்சாத்தான் வருது."

எலெக்ட்ரீசியன் பிறகுதான் கருவியைச் சொருகினார். சாவியைத் திருப்பி, சென்சார்களின் அளவுகள் ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தைத் திறந்து வைத்து, டிரைவரை அதைப் பார்க்கச் சொல்லிவிட்டு, என்ஜினுக்கு மேல் போகும் வயர் கட்டை சாண் சாணாகக் கையால் ஆட்டிக்கொண்டே வந்தார். என்ஜினின் பின்பக்கம் ஓர் இரும்பு பிராக்கெட்டைத் தாண்டும் இடத்தில் ஆட்டியபோது, ரெயில் சென்சார், பெடல் சென்சார் இரண்டின் அளவுகளும் ஒன்றாக விழுந்தன. டேப்பைப் பிரித்தால், எலி கடித்து ஒரு வயரின் செம்பு வெளியே தெரிந்தது. பாரம் ஏற்றி மேட்டில் இழுக்கும்போது என்ஜின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் லேசாகத் திருகிக்கொள்ளும். அப்போது அந்தச் செம்பு பிராக்கெட்டைத் தொட்டிருக்கிறது. வயரை ஒட்டுப்போட்டு, உறை மாட்டி, பிராக்கெட்டை விட்டு விலக்கிக் கட்டினார். கூலி 350 ரூபாய்.

நம் டிரைவரிடம் அன்றே மன்னிப்புக் கேட்டோம். அவர் இப்போதும் நம்மிடம்தான் இருக்கிறார்.

கோளாறு எண் என்பது என்ன?

வண்டியில் இந்தக் கம்ப்யூட்டர் கண்காணிப்பு வந்தது நமக்கு உதவுவதற்காக அல்ல, புகையைக் கட்டுப்படுத்துவதற்காக. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் தொடங்கி, 1996 மாடல் முதல் அந்நாட்டில் விற்கப்படும் எல்லாக் கார்களுக்கும் ஓ.பி.டி.-2 என்ற பொது முறை கட்டாயமானது. நம் நாட்டில் பி.எஸ்.4 வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் ஓ.பி.டி.-1ம், 2013 ஏப்ரலில் ஓ.பி.டி.-2ம் வந்தன. பி.எஸ்.4 நாடு முழுவதற்கும் என்று ஆனது 2017 ஏப்ரலில்தான். அதனால்தான் ஒரே வருடத்து மாடல்களுக்குள்ளும் ஒன்றில் பொதுக் கருவி பேசுகிறது. இன்னொன்றில் கம்பெனிக் கருவி மட்டுமே பேசுகிறது. இன்னும் பழைய சுசூகி முறை பெட்ரோல் வண்டிகளில் சொருகும் கருவியே வேண்டாம். சோதனைச் சாக்கெட்டில் குறிப்பிட்ட இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்தால் விளக்கு கண்சிமிட்டும். அதை எண்ணிக் கோளாறு எண்ணைத் தெரிந்துகொள்ளலாம். ஒரு சிமிட்டு, இடைவெளி, இரண்டு சிமிட்டு, அதாவது 12 என்று வந்தால் குறை எதுவும் பதிவாகவில்லை என்று பொருள்.

பொது முறையில் என்ஜின் குறைகள் பி என்ற எழுத்தில் தொடங்கும். அடுத்து வரும் எண் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறி. 1 என்றால் அந்தக் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்ட குறி. அதற்கும் அடுத்த எண் எந்தப் பகுதி என்பதைக் காட்டும். 1ம் 2ம் காற்று, எரிபொருள் சம்பந்தப்பட்டவை, 3 பற்றவைப்பு, 4 புகைக் கட்டுப்பாடு, 5 வேகமும் ஐடிலிங்கும், 6 கம்ப்யூட்டரும் அதன் மின்சாரமும். இந்த அளவு தெரிந்திருந்தால் மெக்கானிக் சொல்வது எந்தத் திசையில் போகிறது என்பதாவது நமக்குப் புரியும்.

ஆனால் முக்கியமான விஷயம் வேறு. ஈ.சி.யு.வுக்குக் கண் கிடையாது. வயரில் வரும் வோல்டேஜ் ஒன்றுதான் அதற்குத் தெரியும். "இந்தச் சென்சாரின் வயரில் நான் எதிர்பார்த்த வோல்டேஜ் வரவில்லை" என்பதைத்தான் அது எண்ணாகப் பதிவு செய்கிறது. சென்சார் கெட்டிருந்தாலும் அதே எண். வயர் அறுந்திருந்தாலும் அதே எண். கனெக்டரில் தண்ணீர் புகுந்து பச்சை பூத்திருந்தாலும் அதே எண். வாடிக்கையாளர் ஒருவர், "உங்க கடையிலிருந்து சரக்கு வரவில்லை" என்று போன் செய்தால் பையன் தூங்கிவிட்டானா, சைக்கிள் பஞ்சரா, விலாசம் தவறா என்று நாம் விசாரிப்போம் அல்லவா? எண்ணும் அந்தப் போன்தான். பையனை வேலையை விட்டு நீக்கு என்பது அதில் இல்லை.

நம் வண்டியில் நடந்ததும் இதுவே. பெரும்பாலான சென்சார்களுக்கு ஈ.சி.யு. 5 வோல்ட் மின்சாரம் கொடுக்கிறது. இரண்டு மூன்று சென்சார்களுக்கு ஒரே வயரிலிருந்து பங்கு போவது சாதாரணம். அந்த ஒரு வயர் பாடியில் தட்டினால், பங்கு வாங்கும் எல்லாச் சென்சார்களும் ஒரே நேரத்தில் செத்தது போல் தெரியும். எனவே ஒன்றுக்கு மேற்பட்ட சென்சார்களின் எண்கள் சேர்ந்து வந்தால், "எல்லாம் போய்விட்டது" என்று யாராவது சொன்னால், பணத்தை வெளியே எடுக்க வேண்டாம். அவற்றுக்குப் பொதுவான வயர் எது, பொதுவான எர்த் எது என்று கேளுங்கள். நம் வண்டியில் இரண்டாவது எண் வந்தபோதே இதைக் கேட்டிருந்தால் 5,400 ரூபாயும் ஒரு வாரமும் மிச்சமாகியிருக்கும்.

உயர்வு என்றால் சூடு அல்ல

எண்ணுக்குப் பக்கத்தில் கருவி ஒரு வரி விளக்கமும் காட்டும். அதைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வரும் நஷ்டம் தனி. உதாரணத்துக்கு பி 0118. "கூலன்ட் வெப்பச் சென்சார், உயர்வு" என்று வரும். என்ஜின் சூடேறுகிறது என்று நினைத்துத் தெர்மோஸ்டாட்டை மாற்றி, ரேடியேட்டரைக் கழுவியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். உயர்வு என்பது வோல்டேஜ் உயர்வு. இந்தச் சென்சார் சூடு ஏற ஏறத் தன் தடையைக் குறைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் இரண்டு, இரண்டரை கிலோ ஓம் இருப்பது, 80 டிகிரியில் சுமார் 300 ஓம் ஆகிவிடும். ஆகவே வோல்டேஜ் கூடினால் குளிர்ச்சி என்று அர்த்தம். வயர் அறுந்தே போனால் ஈ.சி.யு. என்ஜின் மைனஸ் 40 டிகிரியில் உறைந்து கிடப்பதாக நினைத்துக்கொண்டு டீசலையோ பெட்ரோலையோ கூடுதலாக ஊற்றும். நம் ஊர் சித்திரை வெயிலில்!

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. இரண்டே வயர் உள்ள வெப்பச் சென்சாருக்கு மட்டும் இது பொருந்தும். மற்றவற்றில் செய்யக் கூடாது. கனெக்டரைக் கழற்றினால் கருவியில் மைனஸ் 40 என்று வர வேண்டும். கழற்றிய கனெக்டரின் இரண்டு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்தால் அளவு 120, 130 என்று உச்சத்துக்குப் போக வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால் வயரிலும் ஈ.சி.யு.விலும் குறை இல்லை, சென்சாரை மாற்றலாம். நடக்காவிட்டால் புதுச் சென்சார் வாங்கி மாட்டுவது வீண்.

இன்னும் எளிய சோதனை: இரவெல்லாம் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி அளவுகளைப் பாருங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக, அன்றைய காலை வெப்பத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஒன்று 28, மற்றது 55 என்றால் எதில் பொய் என்று தெரிந்துவிடும். காற்றழுத்தச் சென்சார் உள்ள வண்டியில் அப்போது வெளிக்காற்றின் அழுத்தமே தெரிய வேண்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் சுமார் 100 கிலோபாஸ்கல். உதகையில் 77, 78. காய்கறி ஏற்ற மலைக்குப் போகும் வண்டிக்காரர்கள் இந்த வித்தியாசத்தைக் குறை என்று எண்ணிவிட வேண்டாம்.

சேதி சொன்னவன் மேல் பழி

சில எண்களில் சென்சார் ஒரு குற்றமும் செய்திருக்காது. நடப்பதை நேர்மையாகச் சொல்லியிருக்கும். பெட்ரோல் வேன்களில் அடிக்கடி வரும் பி 0171 இப்படிப்பட்டது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். சைலன்ஸர் குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார்தான் இதைக் கண்டுபிடிக்கிறது. உடனே அதையே கழற்றிப் புதிது மாட்டுகிறார்கள். உண்மையில் ஏர் பில்டருக்குப் பின்னால் ரப்பர் குழாய் வெடித்திருக்கும், அல்லது பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கும், அல்லது காற்றை அளக்கும் சென்சாரில் தூசி படிந்திருக்கும். மாவு மில்லும் மிளகாய் மண்டியும் உள்ள தெருவில் நிற்கும் வண்டிக்குத் தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆக்ஸிஜன் சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதும் எளிது. என்ஜின் சூடான பின் அதன் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையே மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். ஆடினால் அது வேலை செய்கிறது.

டீசல் வண்டியில் இதற்கு இணை பி 0087. ரெயிலில் அழுத்தம் குறைவு என்று பொருள். ஹைபிரஷர் பம்ப் போய்விட்டது என்று சொல்லிப் பெரிய எஸ்டிமேட் போட இதைவிட வசதியான எண் கிடையாது. பம்ப் போவதும் உண்டுதான். ஆனால் அதற்கு முன் டீசல் பில்டர் எப்போது மாற்றியது, அதில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, டேங்கிலிருந்து வரும் குழாயில் எங்காவது காற்று இழுக்கிறதா என்று பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும். சில நூறு ரூபாய் பில்டருக்குப் பார்த்துப் பல ஆயிரத்தில் மாட்டிக்கொள்வது நம் வழக்கமான தவறு. இங்கே ஓர் எச்சரிக்கை: என்ஜின் ஓடும்போது காமன் ரெயில் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கத்தை யாரும் செய்ய அனுமதிக்க வேண்டாம். உள்ளே அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் போகும். மெல்லிய டீசல் பீச்சு தோலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும். கையையே எடுக்க வேண்டி வரும் காயம் அது.

இன்னொரு குறையையும் சொல்லிவிடலாம். வண்டி நன்றாக ஓடிச் சூடானதும் திடீரென்று நிற்கும், ஸ்டார்ட் ஆகாது. டீ குடித்துவிட்டு அரை மணி கழித்து வந்தால் ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும். ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது குறை இருக்காது. இது பல வேளைகளில் கிராங்க் சென்சாரின் வேலை. பி 0335 என்று பதிவாகியிருக்கும். சூட்டில் அதன் உள்சுருள் விட்டுப்போய், ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது. ஆறிய நிலையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் சரியாகத்தான் காட்டும். நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும், வயரும் கனெக்டரும் சரி என்றால், சென்சாரை மாற்றத் தயங்க வேண்டாம் என்பது நம் கருத்து.

சென்சாருக்கு முன் பாட்டரி

பழைய வண்டியில் எந்த எண் வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது பாட்டரியும் எர்த்தும்தான். நின்ற வண்டியில் பாட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டியும், என்ஜின் ஓடும்போது பதிமூன்றரையிலிருந்து பதினான்கரைக்குள்ளும் இருக்க வேண்டும். செல்ப் அடிக்கும்போது 10க்கு வெகுவாகக் கீழே விழுந்தால், ஈ.சி.யு. தடுமாறிச் சம்பந்தமில்லாத எண்களையெல்லாம் பதிவு செய்யும். என்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டை துருப்பிடித்திருந்தால், அந்த மின்சாரம் சென்சார்களின் மெல்லிய வயர்கள் வழியே திரும்ப வழி தேடும். அந்தப் பட்டையைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்ட ஆகும் செலவு ஒன்றுமில்லை. கருவி சொருகியும் உயிர் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பல வண்டிகளில் சிகரெட் லைட்டருக்கும் அந்தச் சாக்கெட்டுக்கும் ஒரே பியூஸ்தான். மட்டமான செல்போன் சார்ஜர் அதை ஊதியிருக்கும்.

நாமே வரவழைத்துக்கொள்ளும் குறைகளும் உண்டு. கூடுதல் மூட்டை ஏற்றுவதற்காகப் பின்னால் கிரில் அடிக்கிறோம். பாட்டரி வயரைக் கழற்றாமல் வண்டிப் பாடியில் வெல்டிங் வைத்தால் அந்த மின்சாரம் ஈ.சி.யு.வையே கொன்றுவிடக்கூடும். இரண்டு நிமிட வேலையைச் சோம்பல் பட்டு விடுகிறார்கள். வாட்டர் சர்வீஸில் என்ஜின் மேல் நேராகத் தண்ணீர் பீச்சுவது, பெரிய ஹாரனுக்கும் கலர் விளக்குக்கும் கையில் அகப்பட்ட வயரைக் கிள்ளிச் சேர்ப்பது, சோதிக்கிறேன் என்று ஊசியால் வயர் உறையைக் குத்துவது ஆகியவையும் இப்படித்தான். குத்திய ஓட்டை வழியே ஒரு மழைக்காலத்தில் ஈரம் இறங்கும். அடுத்த வருடம் உள்ளே செம்பு பச்சைத் தூளாகியிருக்கும்.

விளக்கு எரிந்தவுடன் என்ன செய்வது என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். பெட்ரோல் வண்டியில் மஞ்சள் விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டினால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் சைலன்ஸரில் போய்ப் புகைச் சுத்திகரிப்பானை உருக்கிவிடும். வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துவதே நல்லது. நிலையாக எரிந்தால், வண்டி ஒழுங்காக இழுத்தால், சரக்கை இறக்கிவிட்டே பார்க்கலாம். சிவப்பு ஆயில் விளக்கு வேறு விஷயம். அது எரிந்தால் அந்த விநாடியே என்ஜினை நிறுத்த வேண்டும்; லோடு கெட்டுப் போகும் என்று பார்க்கக் கூடாது.

எண்ணை அழிப்பதற்கு முன் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அதோடு கூட, குறை ஏற்பட்ட நேரத்தில் என்ஜின் எத்தனை சுற்று ஓடியது, எவ்வளவு சூடு, எவ்வளவு பாரம் என்ற குறிப்பையும் ஈ.சி.யு. பிடித்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். நம் வண்டியில் அதை முதல் நாளே பார்த்திருந்தால், டிரைவர் சொன்னது உண்மை என்று அந்தப் பெட்டியே சாட்சி சொல்லியிருக்கும். பில் போடும்போது, "எண் என்ன, சென்சாரை மாற்றும் முன் எந்தச் சோதனை செய்தீர்கள், வயரில் எத்தனை வோல்ட் வந்தது" என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாணயமான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். நம் கடையில் எடை சரியா என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் நாம் கோபப்படுகிறோமா? நாமே சிறு மீட்டர் ஒன்றும், செல்போனோடு இணையும் சொருகு கருவி ஒன்றும் வாங்கி வைப்பதும் பெரிய செலவல்ல. ஆனால் மலிவான கருவி கம்பெனியின் தனிக் குறிகளைப் படிக்காது என்பது தெரிந்திருக்கட்டும்.

பழைய வண்டி வாங்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. சாவியைத் திருப்பியவுடன் அந்த மஞ்சள் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். விளக்கு ஒழுங்காக இருந்தாலும், விற்பதற்கு அரை மணிக்கு முன் எண்களை அழித்திருக்கக்கூடும். ஓ.பி.டி.-2 வண்டியில் அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. ஈ.சி.யு. தன் சோதனைகளை முடித்துவிட்டதா இல்லையா என்று காட்டும் பக்கம் ஒன்று கருவியில் இருக்கும். அதில் பலவும் முடியவில்லை என்று இருந்தால், சமீபத்தில் அழித்திருக்கிறார்கள் அல்லது பாட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டியை ஒரு நாள் பாரத்தோடு ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக எலி. நம் தொழிலில் வண்டி நிற்கும் இடம் பெரும்பாலும் கிட்டங்கி வாசல். பருப்பும் அரிசியும் தின்று வளர்ந்த எலிக்கு, இரவில் சூடு ஆறாத என்ஜின் மேல் படுப்பது பஞ்சு மெத்தை. இப்போது நம் வண்டியை மூட்டை அடுக்கிலிருந்து தள்ளி, வெளிச்சமுள்ள இடத்தில் நிறுத்துகிறோம். இரவு பானெட்டைத் திறந்தே வைக்கிறோம். வண்டித் தளத்தில் சிந்திய தானியத்தை அன்றன்றே கூட்டுகிறோம். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டிரைவர் டார்ச் அடித்து ஒரு முறை பார்த்துவிடுகிறார். போன மாதம் வயர் கட்டின் மேல் வேர்க்கடலைத் தோல் ஒரு கை நிறைய இருந்தது. வயரில் பல் படவில்லை.